சுத்தமான போனில் தொலைந்த மோட்டார் சத்தம்

உங்கள் மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடு சண்டை போடுகிறாள் என்று கோடி வீட்டுக்காரி என்னிடம் கேட்கிறாள், ருக்மணி. காலையிலிருந்து "ஹலோ, கேக்குதுங்களா, கேக்குதுங்களா" என்று ஒரே கத்தல். பிறகு கொஞ்ச நேரம் மூச்சுப் பேச்சில்லை. மறுபடியும் "நீங்க சொல்லுங்க... இல்லீங்க, நீங்களே சொல்லுங்க" என்று ஆரம்பம். மாமியாரோடு ஏதோ மனத்தாங்கல் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். நான் விடுவேனா? "அது சண்டையில்லீங்க, சாஃப்ட்போன் கோளாறு" என்றேன். ரேஷன் கடையில் கைரேகை வைக்கிறவள் வாயில் இந்தச் சொல் எப்படி வந்தது என்று அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாளே, அந்தப் பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். நான் சொன்னதை உங்கள் மருமகள் நிவேதா ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டாள். அதனால்தான் இப்போது இந்தச் சுண்டல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அவளுடைய செல்போன் உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதையெல்லாம் பிடித்து வைக்கிறது. வீட்டிலிருந்தபடியே அவள் வேலை பார்க்கிற ஆபீஸில் ஊழியர்களுக்கு ஒரு பத்திரிகை போடுகிறார்களாம். என் கதையை அதில் போட வேண்டுமாம். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறேன் என்றாள். மாற்றிக்கொள் கண்ணு, கதையில் நாங்கள் பேசியதை மட்டும் அவரவர் வாயில் வந்தபடியே விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

நான் மரியபாக்கியம். சூலூர் பக்கம் ஒரு பம்புசெட்டுக் கம்பெனியில்தான் வாழ்நாள் முழுக்க வேலை. தாவணி போட்ட வயதில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பிரிவில் சேர்ந்தேன். அந்த வருடங்களைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தச் சுண்டல் ஊசிப்போகும். சுருக்கமாகச் சொன்னால், முதலில் செம்புக் கம்பி சுற்றினேன். பிறகு சுற்றி முடித்த மோட்டாரை ஓடவிட்டுப் பார்க்கும் டெஸ்டிங் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே நாள் முழுக்க மோட்டார்களோடு நின்று நின்று அவற்றின் பேச்சு பழகிவிட்டது. பேரிங் தேய்ந்தால் கீச்சென்று ஓர் இழுப்பு வரும். மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் விட்டுப்போனால் சுமை தூக்குகிறவன் மாதிரி முனகும். தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுத்தால் பாத்திரத்தில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போல இருக்கும். இது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அடுப்பில் பால் பொங்கப்போவது உங்களுக்குத் தெரிகிறதே, அந்த மாதிரிதான்.

பிறகு முழங்கால் மக்கர் செய்தது. நாள் முழுக்க நிற்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்விடுவது என்று இருந்தபோதுதான் பிரேமா மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். விவசாயிகள் போன் பண்ணி ரிப்பேர் சொல்கிற பிரிவுக்கு அவர்தான் தலைமை. ஆனைமலைப் பக்கம் தோட்டங்காடு உள்ள குடும்பம். படித்தது எலக்ட்ரானிக்ஸ். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற அவர் பேச்சில் மரியாதை கூடும். "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க, இப்ப சொல்லுங்க" என்று யாரிடமாவது சொன்னால், அந்த ஆளுக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வேலை முடிந்தாலும் சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லமாட்டார். "இருக்கட்டும், இன்னொருக்கா பாத்துக்கலாம்" என்பார். எங்கள் வீட்டில் பேரக்குழந்தைகள்கூட அதைச் சொல்லிக் காட்டிச் சிரிக்கும்.

அவர் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டார். அதற்கு 'கேட்கிற சீட்' என்று பெயர். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து போன் எடுப்பார்கள். ஊர், பெயர், என்ன மோட்டார் என்று பதிந்துகொள்வார்கள். மோட்டாரில் ஏதோ சத்தம் வருகிறது என்று விவசாயி சொல்லிவிட்டால் அந்த அழைப்பு எனக்கு வரும். நான் கேட்பது ஒன்றுதான். மோட்டாரைப் போட்டுவிட்டு, போனை அதன் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, நான் சொல்கிறவரைக்கும் பேசாமல் இருக்கச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். தடித்த சத்தம் போனில் அவ்வளவாக வராது. கீச்சும் உரசலும் நன்றாக வரும். கோளாறு இன்னது என்று சொன்னால் பக்கத்துப் பெண் எழுதிக்கொள்வாள். மெக்கானிக் அதற்கான சாமானோடு கிளம்பிப் போவான். முதல் தடவையிலேயே வேலை முடியும், பயிர் காயாது. எழுதப் படிக்கத் தெரியாத எனக்குப் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் போதுமாக இருந்தது. வேலைக்குப் போவது அவ்வளவு சந்தோஷமாக இருக்கும், ருக்மணி. தாராபுரம், உடுமலை, பவானி என்று ஊர் ஊராக மோட்டார்கள் என் காதுக்கு வந்து போகும்.

அப்புறம்தான் கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் மேஜையில் இருந்த டெலிபோனையும் காணோம், மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியையும் காணோம். ஒரு திரை, டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு டப்பா, காதில் மாட்ட ஹெட்செட், அவ்வளவுதான். இதையெல்லாம் வைத்துக்கொடுக்க வெளிக் கம்பெனியிலிருந்து கௌதம் என்று ஓர் என்ஜினீயர் வந்திருந்தான். நல்ல பையன், டீ குடிக்கிறபோதும் லேப்டாப்பை விடமாட்டான். அவன்தான் எனக்கு விளக்கினான். கம்ப்யூட்டர் இங்கே இல்லையாம். பின்பக்கக் கட்டடத்தில் குளிர் போட்ட அறையில் சர்வர் என்று ஒன்று இருக்கிறதாம். அதற்குள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் ஓடுகிறதாம். நம் மேஜைக்கு அதன் படம் மட்டும் வருகிறதாம்.

"அப்ப என்ற போனு எங்கீங்க தம்பி?"

"அதுவும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளதானுங்கம்மா ஓடுது. சாஃப்ட்போன்னு பேரு."

போன் ஓடினால் சரி, நமக்கென்ன என்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். அந்த வாரம் பட்ட பாடு இருக்கிறதே! உங்கள் மருமகள் இப்போது படுகிற அதே பாடுதான். பேச்சு பாதிப் பாதியாக வரும். விவசாயி பேசி முடித்துவிட்டார் என்று நாங்கள் ஆரம்பித்தால் அவர் பேச்சு அப்போதுதான் வந்து சேரும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுவது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நிறுத்துவது. மரியாதைக்கார ஊர் அல்லவா, "நீங்க சொல்லுங்க" "நீங்க சொல்லுங்க" என்றே பாதி நேரம் போய்விடும்.

கௌதம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தான். பிரேமா மேடம் அவனுக்கு வெந்நீர் கொடுத்து உட்கார வைத்தார். "ஒண்ணொண்ணா மாத்துங்க. எதை மாத்துனப்ப என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியணுமுங்க" என்றார். மரியாதை கூடியதைப் பார்த்ததும் அவனும் புரிந்துகொண்டான்.

அவர் சோதனை பண்ணின விதத்தை நான் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். மேடம் செல்போனோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். அங்கிருந்து என் சீட்டுக்குக் கூப்பிட்டு, பஸ் கண்டக்டர் மாதிரி ஊர் பெயர் சொல்வார். உக்கடம், ராமநாதபுரம், சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், சூலூர் என்று வரிசை மாறாமல் பல்லடம் வரைக்கும் போவார். நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஊர் ஏதாவது விழுங்கப்பட்டால் சொல்ல வேண்டும். கௌதம் திரையில் ஏதோ கோடுகளைப் பார்த்துக் குறித்துக்கொள்வான். அவன் கோடும் என் காதும் ஒத்துப்போனால்தான் அடுத்த மாற்றம்.

முதலில் டப்பாக்களை வைஃபையிலிருந்து கழற்றி ஒயர் போட்டுக் கொடுத்தான். சிங்காநல்லூர் முழுசாக வந்தது. அடுத்தது சர்வர். ஒரே சர்வரில் ஏகப்பட்ட கம்ப்யூட்டர்களைத் திணித்திருந்தார்களாம். கரண்டை மிச்சம் பிடிக்க அது நடுநடுவே கண்ணயர வேறு செய்ததாம். பாரத்தைக் குறைத்து, கண்ணயராமல் இருக்கச் செய்தான். அதற்கப்புறம் போகிற வழி. ஆபீஸ் ஒயரில் படமும் போகிறது, பைலும் போகிறது, பேச்சும் போகிறது. அவினாசி ரோட்டில் ஆம்புலன்ஸுக்கு ஒதுங்குவது போலப் பேச்சுக்கு மட்டும் மற்றதெல்லாம் வழிவிட வேண்டும் என்று வைத்தான். ஆனாலும் தாமதம் போகவில்லை. அதற்குத்தான் பெரிய காரணம் ஒன்று இருந்தது. என் பேச்சு டப்பாவிலிருந்து குளிர் அறைக்குப் போய், அங்கிருந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போய், அப்புறம்தான் விவசாயிக்குப் போனது. அவர் பேச்சும் அதே சுற்றுதான். சூலூரில் பக்கத்துத் தெருவுக்குப் போகக் காந்திபுரம் போய்த் திரும்புவது போல. பேச்சு டப்பாவிலிருந்தே நேராக எக்ஸ்சேஞ்சுக்குப் போகட்டும், சர்வர் படத்தை மட்டும் அனுப்பட்டும் என்று மாற்றினான். அன்றைக்கு மேடம் மாடியிலிருந்து உக்கடம் என்று வாயெடுத்தபோதே எனக்குக் கேட்டது. பல்லடம் வரைக்கும் ஓர் ஊர் விழவில்லை. நான் கைதட்டிவிட்டேன்.

"இருக்கட்டும், இன்னொருக்கா பாத்துக்கலாம்" என்றார் மேடம்.

கௌதமுக்கு உற்சாகம். இவ்வளவு நன்றாக வந்ததை இன்னும் மெருகேற்றிவிடுவோம் என்று, பின்னால் கேட்கிற இரைச்சலையெல்லாம் எடுத்துவிடுகிற வசதியையும் போட்டுவிட்டான். விவசாயி பஸ் ஸ்டாண்டில் நின்று பேசினாலும் அவர் குரல் மட்டும் தனியாக வந்தது. நாய், மிக்ஸி, டிவி ஒன்றும் இல்லை. பெண்களுக்குத் தலைவலி போயிற்று. மேலிடத்திலிருந்து, போன் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று பாராட்டு வந்தது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். நானும் இரண்டு தின்றேன்.

லட்டு செரிக்கிறதற்குள் கிணத்துக்கடவுக்காரர் ஒருவரின் அழைப்பு என் சீட்டுக்கு வந்தது. மோட்டாரைப் போடச் சொன்னேன். போட்டாயிற்று என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"ஸ்விட்சைப் பாருங்க, ஓடலீங்களே."

"ஓடுதுங்க."

"சத்தமே வரலீங்க. பீஸ் கீஸ் போயிருக்கப் போகுது."

"அம்மணி, நான் அது மேல கையை வச்சுட்டு நிக்கறேன், கையே நடுங்குது. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

அவரை மறுபடியும் அணைத்துப் போடச் சொன்னேன். போட்டவுடன் ஒரு மூச்சு நேரம் மோட்டார் கேட்டது. பிறகு தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போனது. அடுத்த அழைப்பும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஆனால் விவசாயி பேசினால் மட்டும் மணி அடித்தாற்போல் கேட்கும். கண்ணாடி மாதிரி இருக்கிற போனைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எங்கள் அம்மாவுக்கும் இந்த வயதில்தான் காது போயிற்று. பேச்சு கேட்கும், மற்றது ஒவ்வொன்றாக விட்டுப்போகும். அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருக்க அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார். எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடற்குழுப் பெண்களில் ஒருத்தி சுருதி விலகியது எனக்குத் தெரிந்தது. கல்லறைத் தோட்டத்து மயில் கத்தியதும் தெரிந்தது. ஆனால் பயம் பிடித்தவளுக்கு இதெல்லாம் சாட்சியாகுமா?

அந்த நாட்களில்தான் தெய்வானை கூப்பிட்டாள். ஆனைமலை தாண்டி ஒரு தென்னந்தோப்பு. புருஷன் மரம் ஏற, இவள் தண்ணீர் பாய்ச்ச என்று இரண்டே பேர். மோட்டாருக்குக் காயில் மாற்றிக் கொண்டுவந்ததிலிருந்து ஒரு சத்தம். ஓடி வெகுநேரம் கழித்துத்தான் அது வரும். தண்ணீரும் அப்போது குறைந்துபோகும். மெக்கானிக் வந்து போட்டுப் பார்த்தால் அருமையாக ஓடும். மறுபடியும் வந்தான், மறுபடியும் அருமையாக ஓடியது. கன்றுகள் வாடுகின்றன. இவள் எதையோ கற்பனை செய்கிறாள் என்று ஊரில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் என்னிடம் வந்தாள். பாவம், மோட்டார் பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

"எனக்குப் புடிபடலீங்க, அம்மணி" என்றேன்.

"பரவால்லீங்க. என்ற கெரகம், நீங்க என்ன பண்ணுவீங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இதற்கிடையில் மேலிடத்தில் ஒரு யோசனை ஓடியது. கேட்கிற சீட்டிலிருந்து பதிலே வருவதில்லை. இந்த மாதத்தோடு அதை எடுத்துவிட்டு, சத்தம் என்று யார் சொன்னாலும் நேராக மெக்கானிக்கை அனுப்பிவிடலாம் என்று. அதைக் கேட்டதும் நானே மேடத்திடம் போய்விட்டேன்.

"மேடம், எனக்குக் காது போயிருச்சுங்க. சீட்டை எடுத்துப்போடாதீங்க. வேற நல்ல காதா ஒண்ணைப் பார்த்து உக்கார வச்சிருங்க."

"காது போச்சுன்னு யாருங்க சொன்னது?"

"காதே சொல்லுதுங்க."

"அதை நான் கேட்டுக்கறேனுங்க. இருக்கட்டும், இன்னொருக்கா பாத்துக்கலாம்" என்றவர், தன் ஸ்கூட்டரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காது டாக்டரிடம் போனார்.

கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதுகூட எனக்கு அப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. ஈ முனகுவது போல, குருவி போல, பஸ் ஹாரன் போல என்னென்னவோ வந்தது. அமுக்கினேன், அமுக்கினேன். ரிப்போர்ட்டை மேடம் பார்த்தார். நான் டாக்டரம்மா முகத்தைப் பார்த்தேன். ரொம்ப மெல்லிய கீச்சு மட்டும் வயதுக்குத் தக்கபடி கொஞ்சம் குறைச்சலாம், மற்றதெல்லாம் நல்ல காதாம். வெளியே வந்து தள்ளுவண்டியில் மேடம் காளான் மசாலா வாங்கிக் கொடுத்தார். மூக்கில் தண்ணீர் வந்தது. காரத்தால்தான் என்று சொல்லிவைத்தேன்.

காளானைத் தின்றுகொண்டே அவர் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. "காதுல கோளாறு இல்லீனா, வர்ற வழியில எங்கயோதானுங்க சத்தம் விழுந்திருக்குது. எங்க விழுந்துச்சுன்னு தேடுவோம்."

மறுநாள் டெஸ்டிங் பிரிவில் பேரிங் போன மோட்டார் ஒன்றை ஓடவிட்டார். முதலில் அதன் பக்கத்திலேயே என்னை நிற்க வைத்தார். கீச்சு நன்றாகக் கேட்டது. அடுத்து, ஓர் ஆளை அங்கே பட்டன் போனோடு நிறுத்திவிட்டு, வாட்ச்மேன் அறையில் மிச்சமிருந்த பழைய டெலிபோனுக்குக் கூப்பிடச் சொன்னார். அதிலும் கேட்டது. மூன்றாவதாக என் சீட். ஒரு மூச்சு வந்தது, தேய்ந்தது, போய்விட்டது. மேடம் இன்னொரு ஹெட்செட்டை கௌதம் காதில் மாட்டினார்.

"எனக்கும் ஒண்ணும் கேக்கலீங்க" என்றான்.

ருக்மணி, இருபத்துச் சொச்சம் வயது, கல்லைக் கடித்தாலும் செரிக்கிற உடம்பு, அவன் காதிலும் கேட்கவில்லை என்றதும் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டேன்.

அவனோ தலையில் கை வைத்துக்கொண்டான். அவனுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. மனிதர் பேச்சு ஏறும், இறங்கும், நிற்கும். ஃபேன், ஏசி மாதிரி நிற்காமல் ஒரே சீராக வருகிற எதையும் அந்த வசதி இரைச்சல் என்று முடிவுகட்டித் துடைத்துவிடுமாம். துடைக்கலாமா என்று யோசிக்க அதற்குத் தேவைப்படுகிற நேரம்தான் எனக்குக் கேட்கிற அந்த ஒரு மூச்சு. உலகத்தில் வேறு எந்தப் போன் ஆபீஸிலும் இது நல்ல காரியம்தான். பேச்சை விட்டுவிட்டு இரைச்சலைக் கேட்பதற்கென்று ஆள் போட்டு உட்கார வைத்தவர்கள் நாங்கள் மட்டும்தானே.

அதை அணைத்தான். சத்தம் முன்னைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கேட்டது, பிறகு தேய்ந்தது. ஹெட்செட்டுக்குள்ளேயே ஒன்று துடைத்துக்கொண்டிருந்தது. டப்பாவில் இன்னொன்று. ஒரே திண்ணையை மூன்று பேர் பெருக்கினால் கோலம் எப்படி மிஞ்சும்? எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுக்கப் போனவனை மேடம் ஒரு பார்வை பார்த்தார். ஒன்று எடுத்தான், கேட்டோம். அடுத்தது எடுத்தான், கேட்டோம். மூன்றையும் எடுத்த பிறகு மோட்டார் சத்தம் தேயாமல் வந்தது, ஆனால் கடலலை மாதிரி ஏறி இறங்கியது. சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற ஒன்றும், யாரும் பேசாவிட்டால் அனுப்புவதையே நிறுத்திவிடுகிற ஒன்றும் பாக்கி இருந்தன. அவற்றையும் எடுத்ததும், எங்கள் மோட்டார் என் காதுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. கீச்சு, உரசல் எல்லாம் அதனதன் இடத்தில்.

பெண்களின் சீட்டுகளுக்குத் துடைப்பம் வேண்டும், என் சீட்டுக்கு வேண்டாம். அதனால் கௌதம் எனக்கென்று தனியாக ஓர் அமைப்பு செய்து வைத்தான். சர்வர் நின்று கிளம்பினாலும் மாறாதபடி பூட்டியும் வைத்தான். புதுச் செல்போன்கள் அந்தப் பக்கத்திலேயே துடைத்துத்தான் அனுப்புகின்றன என்பதையும் அவனே கண்டுபிடித்துச் சொன்னான். அதிலிருந்து, வீட்டில் பழைய பட்டன் போன் இருந்தால் அதில் கூப்பிடுங்கள் என்று பெண்கள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

மாதம் முடிய இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. சீட்டை எடுக்கிற பேச்சு அப்படியேதான் இருந்தது. மேடம் யாரிடமும் வாதாடவில்லை. தெய்வானையைக் கூப்பிடச் சொன்னார்.

அவள் மாமனாரின் பட்டன் போனை வாங்கிக்கொண்டு வந்தாள். மோட்டாரைப் போட்டாள். நான் கண்ணை மூடினேன். சீராக ஓடியது. தோப்பில் அணில் கத்துவதுகூடக் கேட்டது. அணிலைக் கேட்டதற்கே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மோட்டாரில் குறை ஒன்றும் தெரியவில்லை. நேரம் போயிற்று. கௌதம் நகத்தைக் கடித்தான். மற்ற அழைப்புகளைப் பெண்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மேடம் பின்னால் நின்றபடியே தம்ளரைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. இந்தத் தடவையும் பிடிபடவில்லை என்றால் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று மட்டும் நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

வந்தது. முதலில் ஒரு கல். பிறகு கைப்பிடிக் கல். பிறகு பாத்திரம் நிறையக் கூழாங்கல்.

"காத்து இழுக்குதுங்க அம்மணி. மோட்டாருல ஒண்ணுமில்லீங்க. கிணத்துக்குள்ள எறங்குற பைப்பு மேல எங்க ஜாயிண்ட் இருக்குதுன்னு பாருங்க. ஈரமண்ணைப் பெசஞ்சு அது மேல அப்பச் சொல்லுங்க ஊட்டுக்காரரை."

காயில் மாற்றிய மோட்டாரைத் திரும்ப மாட்டியபோது ஜாயிண்ட் தளர்ந்திருக்கிறது, கிணறு நிறைந்திருக்கிற வரையில் அது தெரியாது. தண்ணீர் இறங்க இறங்க இழுப்பு கூடும், அப்போது அந்த வழியாகக் காற்று நுழையும். மெக்கானிக் வந்து போடும்போதெல்லாம் கிணறு நிறைந்திருந்தது, அவன் பேரில் தப்பில்லை. தெய்வானை போனைக் கையில் வைத்தபடியே புருஷனைச் சத்தம் போட்டாள். அவர் மண் குழைப்பது, படியில் இறங்குவது, வழுக்கி ஏதோ சொல்வது எல்லாம் எனக்குக் கேட்டது. கூழாங்கல் சத்தம் மெலிந்தது. கைப்பிடியாயிற்று. ஒற்றைக் கல்லாயிற்று. பிறகு இல்லை. ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. கேட்காமல் போனதும், நின்றுபோனதும் வேறு வேறு என்று அந்த நிமிடம் என் காது எனக்குச் சொன்னது.

"நின்னுருச்சுங்க" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். இந்தத் தடவை அது லைன் கோளாறு இல்லை.

மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன் என்று அவள் சொன்னாள். நான் மாதாவுக்கு வேண்டியிருந்தேன் என்றேன். அம்மனும் மாதாவும் பேசி வைத்துக்கொண்டு செய்திருப்பார்கள் என்று அவள் சொன்னதும் எனக்கு அப்படியே சிரிப்பு பொங்கியது. திரும்பிப் பார்த்தேன். மேடம் ஆறிப்போன வெந்நீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "சரியாப் போச்சுங்க" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. கௌதம்தான் முதலில் கை தட்டினான்.

சீட் போகவில்லை. இப்போதும் இருக்கிறது. டெஸ்டிங் பிரிவில் என்னோடு நின்ற பழனியம்மாள் அதில் உட்காருகிறாள். எனக்கு வயதாகி விடைபெற்று வந்த பிறகும் எப்போதாவது வண்டி அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். மோட்டார் சத்தங்களையெல்லாம் பதிந்து, கம்ப்யூட்டரே கேட்டுச் சொல்வதற்குப் பழக்குகிறார்களாம். இது பேரிங், இது காற்று என்று நான் சொல்லச் சொல்ல கௌதம் பதிந்துகொள்கிறான். சந்தோஷமாகப் போய்வருகிறேன். எத்தனை தோப்பு, எத்தனை மோட்டார், பழனியம்மாள் ஒருத்தி எவ்வளவைக் கேட்பாள், அதுவும் கூட உட்கார்ந்து கேட்கட்டுமே. துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்லிக்கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அதனால் நிவேதா, உன் ஆபீஸ்காரர்களிடம் பயப்படாமல் கேள். பேச்சு உன் வீட்டிலிருந்து நேராகப் போகிறதா, சர்வரைச் சுற்றிக்கொண்டு போகிறதா என்று. அந்த வைஃபையை விட்டுவிட்டு ஓர் ஒயரை இழுத்துப் போடு. எதை மாற்றினாலும் ஒன்றை மாற்று, பிறகு மாமியாரை மாடிக்கு அனுப்பி ஊர் பெயர் சொல்லச் சொல். ருக்மணி கூச்சப்படுவார், இரண்டு நாளில் பழகிவிடும். கண்டக்டர் மாதிரி அவர் கத்துவதைக் கேட்டால் கோடி வீட்டுக்காரிக்கும் சந்தேகம் தீர்ந்துபோகும். அப்புறம் அந்த ஹெட்செட்டில்...

இருங்கள். ருக்மணி, உங்கள் மோட்டாரை எப்போது போட்டீர்கள்? பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்துவிட்டீர்கள். கீழ்த்தொட்டி காலியாகிவிட்டது, காற்றை இழுக்கிறது. கல் குலுங்குகிறது பாருங்கள். உங்களுக்குக் கேட்கவில்லையா? சுண்டலைப் பிடியுங்கள். ஸ்விட்ச் உங்கள் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால்தானே? நீங்கள் எழுந்திருப்பதற்குள் நான் போய் நிறுத்திவிடுகிறேன்.

"நிவேதா, போதும் கண்ணு, அந்தப் போனை அணைச்சுப்போடு. நான் இதை அணைச்சுப்போட்டு வாரேன்."